கோஹிமா போகிற அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. நாகாலாந்துத் தலைநகர் கோஹிமாவுக்கு எப்படிப் போவது, அங்கே என்ன பார்ப்பது என்று போனில் நீ கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொண்டு, மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா என்று ஆரம்பித்துவிட்டாள். அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

குவாஹாத்தியிலிருந்தே காரில் போகிறோம் என்றாயே, அது வேண்டாம். மாப்பிள்ளை நன்றாக ஓட்டுவார், இல்லை என்று சொல்லவில்லை. மலை ரோடு வேறு கணக்கு. மலை அடிவாரத்தில் இருக்கிற திமாப்பூர் வரை ரயிலில் போங்கள். ஜோர்ஹாட் போகிற ஜன சதாப்தி காலையில் கிளம்புகிறது, அது வசதி. விமானம் என்றாலும் திமாப்பூரில்தான் இறங்க வேண்டும், கோஹிமாவில் விமான நிலையம் கிடையாது. எப்படிப் போனாலும் கடைசி 70 கிலோமீட்டர் சொச்சம் ரோடுதான். ஒன்று தெரியுமா, கன்னியாகுமரியிலிருந்து திப்ருகர் போகிற விவேக் எக்ஸ்பிரஸ் நம்ம ஈரோட்டில் நின்று திமாப்பூர் வழியாகத்தான் போகிறது. 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற வண்டி. உன் அம்மா என்றைக்காவது அதில் முறுக்கு டப்பாவோடு ஏறிவிடுவாள், பார்.

திமாப்பூரில் இறங்கினால் ஷேர் சுமோ நிற்கும். ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள். காசு கொஞ்சம் கூடப் போனாலும் முன் சீட்டைக் கேட்டு வாங்கு. பின் சீட்டில் முழங்கால் முகவாயில் இடிக்கும். உனக்கு ஏற்காடு போனாலே வாந்தி வரும், எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்.

மழைக்காலத்தில் அந்த ரோட்டை நம்பாதே. நான் லாரியில் போன ஒரு தடவை, லோடு ஏற்றிவிட்டவர் ரோடு கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று சொல்லித்தான் அனுப்பினார். பாதி ஏற்றத்தில் மேலே மண் சரிந்து, முன்னால் பத்து முப்பது லாரி வரிசை. கிளீனர் பையன் பின் சக்கரத்துக்குக் கட்டை போட்டுவிட்டு ராத்திரி முழுக்க அதன் பக்கத்திலேயே குடையோடு உட்கார்ந்திருந்தான். மழையில் கட்டை வழுக்குமாம். ரோடு திறக்க இரண்டு ராத்திரி ஆயிற்று.

அந்த ரோட்டுக்காகத்தான் 1944இல் சண்டையே நடந்தது. திமாப்பூர் ரயில் நிலையத்துக்கு அப்போது மணிப்பூர் ரோடு என்று பெயர். அங்கே சரக்கு இறங்கி, கோஹிமா வழியாக இம்பாலுக்குப் போகும். ஜப்பான்காரர்கள் பர்மாவில் இருக்கிற சிந்த்வின் ஆற்றைத் தாண்டி, மூன்று வாரத்துக்கான சாப்பாட்டோடு மாடுகளையும் ஓட்டிக்கொண்டு மலைமேல் நடந்தே வந்தார்கள். ஏப்ரல் 4ஆம் தேதி கோஹிமாவில் சண்டை தொடங்கியது. உள்ளே மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ், இந்தியச் சிப்பாய்கள் தண்ணீருக்கே அல்லாடினார்கள். கடைசியில் வெளியே இருந்த ஜப்பான் படைக்கும் பின்னாலிருந்து அரிசி வரவில்லை. அவர்களுடைய தளபதி சாத்தோ மேலிடத்து உத்தரவை மீறிப் படையைத் திருப்பிக்கொண்டு போனார். ஜூன் 22ஆம் தேதி 109ஆம் மைல்கல் பக்கம், கோஹிமாவிலிருந்தும் இம்பாலிலிருந்தும் வந்த பிரிட்டிஷ் இந்தியப் படைகள் சந்தித்து, இம்பால் ரோடு திறந்தது. எனக்கு அந்தச் சாத்தோவைப் பிடிக்கும். பட்டினி கிடக்கிற ஆளை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்?

அந்தச் சண்டையில் செத்தவர்களின் கல்லறைத் தோட்டம் கோஹிமா ஊர் நடுவிலேயே இருக்கிறது. அங்கே டெபுடி கமிஷனர் பங்களாவும் டென்னிஸ் கோர்ட்டும் இருந்தன. கோர்ட்டுக்கு இந்தப் பக்கம் பிரிட்டிஷ் படை, அந்தப் பக்கம் ஜப்பான்காரர்கள், நடுவில் கையெறி குண்டு. பங்களா மிஞ்சவில்லை. கோர்ட்டின் கோடுகளை வெள்ளையாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். காலால் அளந்து பார், நம்ம களத்தைவிடச் சின்னது. 1,420 கல்லறை. எல்லோரும் கீழேயே போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். நீ உச்சி வரைக்கும் ஏறு. அங்கே தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கிய சிப்பாய்களின் பெயர்கள் இருக்கின்றன. நான் ஏறியபோது கீழே கிளீனர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான், பாதிதான் படித்தேன்.

அப்புறம், வெளி மாநிலத்துக்காரர்கள் நாகாலாந்துக்குள் போக வாங்குகிற அனுமதிச் சீட்டு, அதாவது இன்னர் லைன் பர்மிட், இரண்டு பேருக்கும் வேண்டும். ஆன்லைனிலேயே எடுக்கலாம், ஒரு நகல் பையில் வை. ஞாயிற்றுக்கிழமை போகாதே, கடையும் இருக்காது, வண்டியும் அரிது. டிசம்பர் முதல் பத்து நாள் நாகா மக்களின் ஹார்ன்பில் திருவிழா, ரூம் வாடகை எகிறும். அதற்கப்புறம் போங்கள். அங்கே நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும், அதனால் வெளிச்சம் இருக்கும்போதே மேலே போய்ச் சேரப் பாருங்கள்.

அம்மாவுக்கு அந்த ஊர் ராஜா மிளகாய், பயங்கரக் காரம், நாலு வாங்கி வா. நாலு போதும். தொட்ட கையோடு கண்ணைத் துடைத்துவிடாதே. நான் துடைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா