எறும்பு உங்கள் தயாரிப்பு இல்லைதான், கேபிள் மூடி உங்கள் தயாரிப்புதானே?

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: கேரவனுக்குள் எறும்பு. 3 முறை பணிமனை, 11 முறை போன், தீர்வு பூஜ்யம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நால்வர் படுக்கை கேரவனையும், அதற்கென்று தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுத்த எறும்புத் தடுப்புத் தொகுப்பையும் பற்றி எழுதுகிறேன். புகார் எண் உங்களிடமே மூன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் பழையதை 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டுப் புதிதாக ஒன்று கொடுத்தீர்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். உங்கள் பணிமனைக்கு ஊர்ந்ததில் தேய்ந்தது என் டயர்தான்.

பொறுமையாகவே தொடங்குகிறேன். சாரை போடும் எறும்புக்குச் சிறகு கிடையாது. நிறுத்திய வண்டியையும் தரையையும் எது தொட்டுக்கொண்டிருக்கிறதோ அதைப் பிடித்துத்தான் ஏறும். உங்கள் வண்டியில் அப்படி 14 இடங்கள்: டயர் 4, தாங்கு ஜாக்கி 4, வெளிக்கூடாரக் கால் 2, ஏறும் படி 1, மின் கேபிள், தண்ணீர் ஹோஸ், கழிவுநீர் ஹோஸ் தலா 1. மரக்கிளை கூரையைத் தொட்டால் 15. அது என் பொறுப்பு, கிளை படாமல்தான் நிறுத்துகிறேன். ஆனால் 14 இடத்துக்கு உங்கள் தொகுப்பில் இருக்கும் எறும்புத் தடுப்பு வளையம் 8. மீதி ஆறு வழியில் எறும்பு ஏறாது என்று யாருடன் ஒப்பந்தம் போட்டீர்கள்?

எட்டிலும் கேபிளுக்கான வளையம் கேபிளில் கவ்வுவதில்லை. உள்ளே சுண்டு விரல் நுழையும் அளவு தளர்வு. அதில் வாசலின் தடவச் சொல்கிறது கையேடு. கேபிள் உறையில் வாசலினை நேரடியாகத் தடவக் கூடாது. முதலில் நான்கு விரல் அகலத்துக்கு டேப்பைச் சுற்றி, அதன் மேல்தான் பூச வேண்டும். அப்போதும் வெயிலில் உருகி வழியும். இரண்டு மூன்று நாளில் தூசி படிந்து, அந்தத் தூசியே எறும்புக்குப் பாலமாகிவிடும். துடைத்துப் புதிதாகப் பூச வேண்டும் என்று கையேட்டில் ஒரு வரி இல்லை. டயரில் இதைத் தடவவே கூடாது, ரப்பரைக் கெடுக்கும். அதையும் சொல்லவில்லை.

சரி, உண்மையான வாசலுக்கு வருகிறேன். கேபிள் உள்ளே போகும் அந்தச் சின்ன மூடி. கேபிளுக்காக விட்ட வெட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் நுரைப்பட்டை முழுச் சுற்றும் வரவில்லை. கீழ்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு மொட்டையாக நிற்கிறது. எறும்பு கேபிளின் அடிப்பக்கமாகவே வரிசை கட்டி வந்து, நேராக அந்த இடைவெளியில் நுழைகிறது. அளவெடுத்து வெட்டிக் கொடுத்த மாதிரி! புகைப்படம் 2-ஐப் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளே போனதும் வயர் கட்டோடு சேர்ந்து தண்ணீர் பம்பின் ரிலே (பம்புக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வரை போகிறது. ரிலேயின் இரண்டு தொடுமுனைகளுக்கு நடுவே எறும்பு நசுங்கிச் செத்து, மின்சாரம் போகாமல் பம்பு நின்றது. உங்கள் ஆள் பம்பைத்தான் மாற்றினார். ரிலேயைத் திறந்து பார்க்கக்கூட இல்லை.

இதைத்தான் உங்கள் சேவை மையத்துக்கு ஏழாவது போனில் விளக்கினேன். எதிர்முனையில் இருந்தவர் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எறும்பு எங்க கம்பெனியில செஞ்சது இல்லையே சார்." பின்னால் யாரோ சிரித்ததும் கேட்டது. பிறகு, "நீங்க உள்ள சுத்தமா வெச்சிருக்கீங்களா?" என்று ஒரு கேள்வி. எறும்பு தீனிக்கு மட்டும் வருவதில்லை ஐயா. வறண்ட காலத்தில் தண்ணீருக்கும் வரும். உங்கள் ஏசியின் வடிநீர்க் குழாய் வலது பின் டயரின் அருகில் சொட்டிக்கொண்டே இருக்கிறது. எறும்புக்குப் பந்தல் போட்டுத் தண்ணீர் வைத்தது நீங்கள், கேள்வி என்னிடமா?

அதே சொட்டில்தான் உங்கள் டயட்டம் மண் பொடியும் (நுண்பாசி ஓடுகளின் படிவை அரைத்த பொடி) வீணாகிறது. டயரைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு மெல்லியதாகத் தூவினால் அது நன்றாகவே வேலை செய்யும், மறுக்கவில்லை. எறும்பின் மேல்தோலில் இருக்கும் மெழுகை உறிஞ்சி உடம்பை வற்ற வைக்கும். ஆனால் உலர்ந்திருந்தால்தான். நனைந்தால் வெறும் சேறு. நாலு டயரில் மூன்றில் பொடி, நாலாவதில் சேறு. எறும்புக்கு ஒரு டயர் போதாதா? வடிகுழாயை அரை மீட்டர் நீட்டி, அச்சுகளுக்கு நடுவே தண்ணீர் விழும்படி திருப்பினால் முடிகிற வேலை இது. இதற்காக இரண்டாம் முறை வண்டியைக் கொண்டுவந்தேன். காலை முதல் மாலை வரை நிறுத்திவைத்து, "பார்ட்ஸ் வரணும்" என்று திருப்பி அனுப்பினீர்கள். அரை மீட்டர் குழாய்க்கு!

மூன்றாம் முறைதான் உச்சம். அடித்தளத்தில் குழாயும் வயரும் ஏறும் துளைகளை எல்லாம் ஃபோம் ஸ்பிரே அடித்து மூடினார் உங்கள் மெக்கானிக். எறும்பு அதைக் கடித்துக் குடையும். பத்தே நாளில் தரை விளிம்பில் மஞ்சள் துகள் உதிர்ந்து கிடந்தது. செம்பு வலையையோ துருப்பிடிக்காத எஃகு வலையையோ குழாயைச் சுற்றி இறுகத் திணித்து, அதன் மேல் நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட் (இடைவெளி அடைக்கும் பசை) போட வேண்டும். வண்டி ஓடும்போது குழாய் அதிரும், கெட்டிப் பூச்சு விரிசல் விடும். சாதாரண இரும்பு நார் துருவாகி உதிரும். இது உங்களுக்குத் தெரியாதா? வண்டி கட்டுபவர்கள் நீங்கள்!

அதைவிட, அவர் காஸ் சிலிண்டர் அறையின் தரையில் இருக்கும் காற்றுத் துளையையும் டேப் ஒட்டி மூடிவிட்டுப் போயிருக்கிறார். சமையல் காஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேதான் தேங்கும். அது வெளியேறத்தான் அந்தத் துளை. அதை அடைத்துவிட்டு அடுத்த அறையில் நான்கு பேர் படுத்தால் என்ன ஆகும்? போனில் கேட்டேன். "எறும்பு வராதுல்ல சார்" என்றார், அதே குரல். சிலிண்டர் அறைக்குள் எறும்பு வந்தால் வரட்டும். அந்த அறைக்கும் படுக்கைக்கும் இடையில் காஸ் புகாத தடுப்பு இருந்தாக வேண்டும். காஸே புகாத தடுப்பு என்றால், அந்த அறையிலிருந்து படுக்கைப் பக்கம் எறும்பு எப்படிப் புகுந்தது? இதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

விஷத்தீனியையும் சொல்லிவிடுகிறேன். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 100 கிராம் சர்க்கரை, 10 கிராம் போரிக் பவுடர். அதாவது சுமார் 1 சதவீதம். எறும்பு குடித்துவிட்டு உயிரோடு புற்றுக்குப் போய் மற்றவற்றுக்கு ஊட்ட வேண்டும், அதுதான் தந்திரம். உங்கள் மெக்கானிக் அரை டம்ளரில் ஒரு ஸ்பூன் பவுடரைக் கொட்டினார். பாதி வழியிலேயே செத்து விழுந்தன, புற்று அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றியே பூச்சி ஸ்பிரேயும் அடித்தார். ஸ்பிரே வாடை இருக்கும் இடத்தில் எந்த எறும்பு தீனியைத் தொடும்? தீனியையும் வண்டிக்கு வெளியே வைக்காமல் உள்ளே, அடுப்படியில் வைத்தார். விருந்துக்கு அழைத்த கதைதான்.

இந்த ஆண்டின் முகாம் பருவமே நாசம். மெத்தை போனது, பம்பு போனது, வண்டியை விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. இன்னும் உங்கள் நிறுவனத்தின் மேல் மரியாதை இருப்பதால்தான் இந்தக் கடிதம் முதலில் உங்களுக்கு வருகிறது. அடுத்தது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும். காஸ் துளைப் புகைப்படம் முதல் பக்கத்தில் இருக்கும்.

கேபிள் மூடியை முழுச் சுற்றுப் பட்டையோடு மாற்றித் தர வேண்டும். ஏசி வடிகுழாயைத் திருப்ப வேண்டும். ஃபோமைச் சுரண்டி எடுத்து வலையும் சீலன்டும் போட வேண்டும். விடுபட்ட 6 வளையங்கள் வேண்டும். தொகுப்புக்கு வாங்கிய கட்டணம் திரும்ப வேண்டும். 15 நாள் அவகாசம். இந்த முறை வண்டி உங்களிடம் வராது, உங்கள் ஆள் என் வண்டியிடம் வரட்டும். ஃபோம் டப்பாவோடு வருவதானால் வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: புகைப்படங்கள் 6, பணிமனை ரசீதுகள் 3.

பி.கு.: காற்றுத் துளையின் டேப்பை நானே பிய்த்துவிட்டேன். பிசினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாம் என்றார் உங்கள் போன்காரர். காஸ் அறையில், மண்ணெண்ணெய். அவர் பெயரைத் தயவுசெய்து எனக்குத் தெரியப்படுத்தவும்.