தாய்மாமனைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

எப்ஸ்டீன்-பார் வைரஸ் பெரும்பாலோர் உடம்பில் இருப்பதுதான். தொண்டை வலி, காய்ச்சலோடு அடங்கிவிடும். என் மூத்த மகனுக்கு அது கல்லீரலையே தாக்கி, ஐசியு வரை போய்த் திரும்பினான். காரணம், இந்த வைரஸை உடம்பு அடக்க உதவும் எஸ்எச்2டி1ஏ என்ற மரபணுவில் பிறவிக் குறை. எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணு என்பதால், அம்மா வழியாக வந்து பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே பாதிக்கும். என் தம்பியும் சிறுவயதில் காய்ச்சலில்தான் போனான். அதை விசாரித்தது ஒரே ஒரு இளம் மருத்துவர். பெரிய மருத்துவர்கள் யாரும் கேட்கவில்லை. அவர் சொல்லித்தான் சின்னவனுக்கும் பரிசோதித்தோம். அவனுக்கும் அதே குறை. வைரஸ் தொற்றும் முன்பே ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்தது. அரிய நோய்தான், சரி. ஆனால் கடும் தொற்றோடு வரும் பையனின் கேஸ் ஷீட்டில் 'தாய்மாமன் யாராவது சிறுவயதில் இறந்தார்களா?' என்று ஒரு வரி சேர்க்க என்ன செலவாகும்?

இப்படிக்கு,
இரு மகன்களின் தாய்