பெரியப்பா கேட்ட கேள்வியும் உன்னோட பிகேஎன்பி-யும்

பாப்பா,

நேத்து நீ போன்ல பத்து நிமிஷம் டிபி கிருமியோட பிகேஎன்பி-ங்கிற புரோட்டீன் பத்தின உன் ஆராய்ச்சிய சொன்னியே, பாதி புரிஞ்சுது பாதி புரியல, ராத்திரி தூக்கம் வராம திரும்ப யோசிச்சுப் பாத்தேன், இப்ப புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன், தப்பிருந்தா திருத்து. நான் வெறும் லேப் டெக்னீசியன் தானம்மா, முப்பது வருஷம் சளி ஸ்லைடு பாத்தவன். நீலத்துல செகப்பு குச்சி தெரிஞ்சா பாசிட்டிவ், அவ்வளவுதான் எங்க படிப்பு.

முட்டை உடைச்சு ஊத்தி பச்சை கலர்ல எல்ஜே மீடியான்னு கிருமி வளக்குற தீனி போடுவோம்ல, அதுல சளிய ஊத்தி வச்சுட்டு வாரா வாரம் எடுத்துப் பாப்போம், எட்டு வாரம் வரைக்கும் பாத்துதான் நெகட்டிவ்னு எழுதணும். குடல்ல இருக்கிற ஈகோலி கிருமி இருபது நிமிஷத்துல ரெண்டாகுது, இந்த சனியன் ரெண்டாக கிட்டத்தட்ட ஒரு நாள் எடுக்கும். சோம்பேறிக் கிருமின்னு சிரிப்போம். நீ சொன்னதக் கேட்டப்புறம்தான் தெரியுது, அது சும்மா மெதுவா வளரல, ஒவ்வொரு அடிக்கும் வெளிய நிலவரம் கேட்டுட்டுதான் வளருதுன்னு.

நான் புரிஞ்சுகிட்டது இது. செல்லுக்கு சக்தி குடுக்குற ஏடிபி-ல மூணு பாஸ்பேட் இருக்கு, கடைசி ஒன்ன கைனேஸ்-ங்கிற என்சைம் பிடுங்கி வேற ஒரு புரோட்டீன்ல, செரீன் இல்லன்னா திரியோனின்-ங்கிற அமினோ அமிலம் இருக்கிற இடத்துல ஒட்டுது. பாஸ்பேட்டுக்கு மைனஸ் சார்ஜ், அது ஒட்டினதும் அந்த புரோட்டீன் வடிவமோ சேர்க்கையோ மாறி வேலைய ஆரம்பிக்குது இல்ல நிறுத்துது. வேண்டாம்னா பாஸ்பட்டேஸ்-ங்கிற வேற என்சைம் வந்து எடுத்துடும். நம்ம கொல்லைக் கதவு கொண்டி மாதிரி, போடவும் செய்யலாம் எடுக்கவும் செய்யலாம். இந்த மாதிரி கைனேஸ் எல்லாம் நம்மள மாதிரி பெரிய உயிர்லதான் இருக்கும், பாக்டீரியாவுக்கு கிடையாதுன்னு ரொம்ப நாள் நெனச்சாங்களாம், 1991-ல மிக்ஸோகாக்கஸ்-ங்கிற பாக்டீரியாவுல ஒன்ன கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னியே. 1998-ல டிபி கிருமியோட ஜீனோம் முழுசா படிச்சப்ப பதினொரு கைனேஸ் வந்துது, பேரு பிகேஎன் ஏ, பி, அப்புறம் டி-ல இருந்து எல் வரைக்கும். நடுவுல சி-ய காணோம், யாரு தூக்கிட்டுப் போனா? இத்தனை பேர் ஒட்டினதையும் எடுத்துவிட பிஎஸ்டிபி-ன்னு ஒத்த பாஸ்பட்டேஸ்தான். பாவம்.

உன் பிகேஎன்பி கிருமிக்கு பாதி உள்ள பாதி வெளிய நிக்குது, வெளிய நீட்டிட்டு இருக்கிற பாகம் செல் சுவர் கட்டுற சாமான் துண்டுங்கள மோப்பம் பிடிக்குது, கொத்தனார் செங்கல் வந்துருச்சான்னு வாசல்ல பாக்குற மாதிரி. உள்ள இருக்கிற பாகம் சிடபிள்யூஎல்எம்-ங்கிற புரோட்டீன் மேல பாஸ்பேட் ஒட்டுது, அது போய் முர்ஏ என்சைம தட்டி எழுப்புது, சுவர் வேலையோட முதல் படியே அந்த முர்ஏதான். பட்டினி போட்டா அந்த பாஸ்பேட் கொறஞ்சு சுவர் வேலை நின்னுடும். பிகேஎன்பி இல்லாட்டி கிருமி செத்துடும், அளவு மீறினாலும் அதுக்கு ஆகாது. ஆக்சிஜன் கொறஞ்சா அது வேற வழி, டாஸ்எஸ், டாஸ்டி-ன்னு ரெண்டு கைனேஸ் தன்னோட ஹிஸ்டிடின்-ங்கிற அமினோ அமிலத்துல பாஸ்பேட் ஏத்திகிட்டு அத டாஸ்ஆர்-ங்கிற இன்னொரு புரோட்டீன் கைல மாத்தும், டாஸ்ஆர் கிட்டத்தட்ட நாப்பத்தி எட்டு ஜீன எழுப்பிவிட்டு கிருமி தூங்குறதுக்கு ஏற்பாடு பண்ணும்.

இங்கதான் எனக்கு உங்க பெரியப்பா ஞாபகம் வந்துது. நீ அப்ப ரெண்டாங் கிளாஸ். அவருக்கு டிபி வந்து, மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு மாசத்துல இருமல் நின்னுச்சு, எடை ஏறுச்சு, மனுஷன் மூணாவது மாசம் மாத்திரைய நிறுத்திட்டார். "நல்லாத்தான்டா இருக்கேன், எதுக்கு ஆறு மாசம்?"னு கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, "டாக்டர் சொன்னா சாப்பிட வேண்டியதுதான"ன்னு சத்தம் போட்டேன். அவ்வளவுதான் எனக்கு தெரிஞ்சது. நோய் மறுபடி வந்து எட்டு மாசம் வைத்தியம், அதுல முதல் ரெண்டு மாசம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, இடுப்பு வலிக்குதுன்னு உக்கார மாட்டார். 1956-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச டிபி சென்டர்தான் வீட்டுல வச்சே மருந்து குடுத்தா சானட்டோரியத்துல, அதான் டிபி ஆஸ்பத்திரில, தங்கி வைத்தியம் பாக்குறதுக்கு சமம்னு உலகத்துக்கு காட்டுச்சு, அதனாலதான் அவரு வீட்டுல இருந்தார், ஆனா வீட்டுல இருந்தா ஏன் சாப்பிடணும்னு சொல்லவும் ஒருத்தன் வேணும்ல.

ஐசோநியாசிட்-ங்கிற டிபி மாத்திரை சுவர் கட்டுற கிருமியத்தான் நல்லா அடிக்கும். கட்டாம படுத்திருக்கிறது தப்பிச்சுக்கும், அது எந்திரிக்கிற வரைக்கும் மருந்து காத்திருக்கணும். இத இன்னைக்கு காலைல பெரியப்பாகிட்ட கொண்டி, கொத்தனார் எல்லாம் வச்சு சொன்னேன். கேட்டுட்டு, "இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா"ன்னார். எனக்கு பதில் இல்ல. அப்புறம் காபிய ஆத்திகிட்டே, "அப்ப என் நெஞ்சுல இன்னும் ஒன்னு ரெண்டு தூங்கிட்டு இருக்குமா, பாப்பாகிட்ட கேளு"ன்னார். அடுத்த தடவை போன் பண்றப்ப நேரா அவர்கிட்டயே பேசும்மா, எனக்கு சொல்லத் தெரியல.

அப்பா