ஏரி நீர்மட்டத்துக்குப் பக்கத்தில் அந்த எண்ணையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயனாவரத்தில் சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி, ஒரு பெஞ்சு, அவ்வளவுதான். அப்பா காலத்திலிருந்து கடைக்கு வருவது தங்கள் நாளிதழ். காலையில் வந்து விழும் ஒரே பிரதியை, இரவு ஷட்டரை இறக்குவதற்குள் முப்பது பேராவது புரட்டிவிடுவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷேர் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் முறைக்காகக் காத்திருந்தார். ஏழெட்டு வருட வாடிக்கை. பக்கத்தில் இருந்த பெரியவர் இரண்டு முறை கேட்டும் பேப்பரைக் கொடுக்கவில்லை, ஒரே பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாற்காலிக்கு வந்து நான் துணி போர்த்தியதும் சொன்னார்: "இவனுக்கும் நம்ம கதைதாண்ணா. இவன் தப்பிச்சிக்கினான்."

கடன் தொல்லையால் உயிரை விட்ட ஒருவரைப் பற்றிய செய்தி அது. நான்கு பத்திக்குத் தலைப்பு. கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்த படம். எங்கே, எப்படி, என்ன செய்தார் என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தார்கள். அவர் எழுதி வைத்த கடிதத்தைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். படித்தவருக்குச் செத்தவர் தப்பித்தவராகத் தெரிந்திருக்கிறார். இதைத் தங்கள் நிருபர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்ப்பது குறைவு. பேச்செல்லாம் கண்ணாடி வழியாகத்தான். அதனால்தானோ என்னவோ, வீட்டில் சொல்லாததை ஆண்கள் இங்கே சொல்வார்கள். கத்தியை மடக்கி வைத்துவிட்டுக் கேட்டேன்: "உனக்கும் அந்த எண்ணம் வருதாப்பா?" பதில் இல்லை. கண்ணாடியில் அவர் கண் கலங்கியது தெரிந்தது.

செய்தியின் கடைசியில் உதவி எண் இருக்கும் என்பது நினைவுக்கு வந்தது. இருந்தது, கடுகு சைசில். 'தற்கொலை எதற்கும் தீர்வல்ல' என்று ஒரு வரி, அதன் கீழே 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பின் எண். கண்ணாடி போட்டும் ஆறா எட்டா என்று பிடிபடவில்லை. எட்டு என்று அழுத்தினேன், யாரோ ராங் நம்பர் என்று வைத்துவிட்டார்கள். (சரியான எண் 044-24640050. இப்போது மனப்பாடம்.) வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பேப்பரைச் சதுரமாகக் கிழித்துத்தான் கத்தியில் இருக்கும் நுரையைத் துடைப்போம். இத்தனை வருடத்தில் இந்த எண்ணின் மேல் எத்தனை முறை நுரையைத் துடைத்திருப்பேனோ தெரியாது.

வீட்டுக்குப் போன் போட்டேன். மகளின் பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறார்களாம், கேட்டவுடன் 14416 என்றாள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி சேவை, கட்டணம் இல்லை, இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. தமிழைத் தேர்வு செய்ததும் ஒரு அம்மா பேசினார். தம்பி துணியைக்கூட அவிழ்க்காமல் மாடிப்படி அருகே நின்று நாற்பது நிமிடம் பேசினார். பெஞ்சில் இருந்த இரண்டு பேர் பொறுக்க முடியாமல் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள், போகட்டும். என்ன சொன்னார்கள் என்று அப்புறம் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலண்ணா, கேட்டாங்க. சாப்பிட்டியான்னு கேட்டாங்க."

அந்த எண்ணில் பேச அவர் முதலில் தயங்கியதற்குக் காரணம் போலீஸ் பயம். வாடிக்கையாளரான வக்கீல் ஒருவர் பிறகு விளக்கினார். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே சொல்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-ஆவது பிரிவையும் எடுத்துவிட்டார்கள். இதைத் தெரிந்தவர்கள் எங்கள் தெருவில் எத்தனை பேர்?

செவ்வாய்க்கிழமை எங்களுக்கு விடுமுறை. அன்று அவரைக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். 1794-இல் தொடங்கிய இடம், என் கடையிலிருந்து நடக்கிற தூரம். சிறு வயதிலிருந்து அந்த மதில் சுவரைப் பார்க்கிறேன், உள்ளே போனதில்லை. "கீழ்ப்பாக்கம் கேஸு" என்று கடையில் கிண்டல் அடித்தவர்களில் நானும் ஒருவன். உள்ளே போனால் எந்த அரசு ஆஸ்பத்திரியிலும் உள்ளது போலச் சீட்டு, வரிசை, டிபன் டப்பாவோடு சொந்தக்காரர்கள்.

2022-இல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொன்னது. தமிழகத்தில் மட்டும் 19,834 பேர், நாளுக்கு 54 பேர். நாட்டில் இறந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ஆண்கள், நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். என் பெஞ்சில் உட்காருகிறவர்கள் இவர்கள்தான்.

அச்சகத்தில் பிழை திருத்தும் வாடிக்கையாளர் ஒருவர், இப்படிப்பட்ட செய்திகளைப் பெரிதாகப் போடக் கூடாது, முறையை விவரிக்கக் கூடாது, படம் போடக் கூடாது என்று 2019-லேயே இந்தியப் பத்திரிகை கவுன்சில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது என்றார். 1987-இல் வியன்னா நகரப் பத்திரிகைகள் எழுதும் விதத்தை மாற்றியதும், அங்கே சுரங்க ரயில் பாதையில் நடந்த சாவுகள் வெகுவாகக் குறைந்தனவாம்.

என் கோரிக்கை சின்னது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் நீர் எவ்வளவு, தங்கம் கிராம் என்ன விலை என்றெல்லாம் போடுகிறீர்கள். அதன் பக்கத்தில் தினமும், சாவுச் செய்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும், 14416 என்று பெரிதாகப் போடுங்கள். 'தீர்வல்ல' என்ற வரியை எடுத்துவிடலாம், அதைப் படித்து யாரும் மனம் மாறி நான் பார்த்ததில்லை. அதற்குப் பதிலாக, தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது, திட்ட மாட்டார்கள் என்று போடுங்கள்.

தம்பி சென்ற வாரம் கட்டிங்குக்கு வந்தார். கடன் அப்படியேதான் இருக்கிறது, தவணையைத் தள்ளிக் கேட்டிருக்கிறார். மாத்திரை சாப்பிட்டால் வாய் உலர்கிறது என்று புலம்பினார். இந்தக் கடிதத்தை அவரிடம் படித்துக் காட்டிய பிறகுதான் அனுப்புகிறேன். "எந்த ரூட்டு வண்டின்னு மட்டும் எழுதாதண்ணா" என்றார். அதனால் என் பெயரையும் வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
சலூன்காரர்,
அயனாவரம், சென்னை – 23