மேட்டு லயத்து அம்மாயிக்கும் மற்றெல்லாருக்கும்

அன்புடையீர்,

எங்கள் முயல் மொச்சை நேற்று மாலை தொடக்கம் தானாகவே புல் தின்கிறது. இந்தச் செய்தியை ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்லவேண்டிய கடமை எனக்கு உண்டு. மழை விடாத காரணத்தாலும், சொல்லத் தொடங்கினால் குரல் உடைந்துவிடும் என்ற அச்சத்தாலும் இதை மடலாக எழுதுகிறேன். பல் கூராக வளர்ந்து நாக்கைக் குத்தியதால் அது தின்பதை நிறுத்தியதை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள் என்பதால் அதை விரிவாகத் திரும்பச் சொல்லப் போவதில்லை.

எங்கள் பகுதி மிருக வைத்தியர், தம்மிடம் பசுவும் ஆடும் கோழியுமே அதிகம் வருகின்றன, முயல் அரிது என்பதை மறைக்காமல் கூறி, நாங்கள் எதிரில் அமர்ந்திருக்கும்போதே பேராதனைக்குத் தொலைபேசியில் பேசி, வலி குறைய ஊசி போட்டு, தோலுக்கடியில் சேலைன் ஏற்றி எங்களை அனுப்பிவைத்தார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் வைத்தியரை நான் மற்ற எல்லாரையும்விட அதிகமாக நம்புகிறேன். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய போதனா வைத்தியசாலையில், அரைக்கும் பற்களில் கூராக வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்த முனைகளைத் தேய்த்துச் சீராக்கியவர்களுக்கும், வீட்டில் எஞ்சியிருந்த அமொக்சிசிலின் பாணி மருந்தைக் கொடுக்கலாமா என்று நாங்கள் கேட்டபோது, அதுபோன்ற பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் நிலைகுலைந்து அதன் உயிருக்கே ஆபத்தாகும் என்று பொறுமையாக விளக்கிய இளம் வைத்தியருக்கும் எங்கள் நன்றி. ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று நீண்ட பாதையின் அத்தனை வளைவுகளிலும் கூண்டு குலுங்காதபடி ஓட்டிய வேன் சாரதித் தம்பி, ஊசி நீக்கிய சிரிஞ்சுகளைக் காசு வாங்காமல் தந்த மருந்துக்கடை அண்ணன், நாயை இரவெல்லாம் வீட்டுக்குள் கட்டிவைத்த பக்கத்து வீட்டார் ஆகிய எல்லாரும் இந்த நன்றிக்கு உரியவர்கள்.

ஆயினும் நான் எழுத உட்கார்ந்தது, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான மேட்டு லயத்தில் வாழும் அம்மாயியை நினைத்துத்தான். அவர் எங்களுக்கு உறவினர் அல்லர். காலையில் பால் ஊற்றிவிட்டுப் போகும்போது இரண்டு வார்த்தை பேசுவதோடு எங்கள் பழக்கம் முடிந்துவிடும். செய்தி கேள்விப்பட்டு ஒரு மாலையில் வந்தவர், எல்லாரும் கேட்பதுபோல "ஏதாவது தின்றதா?" என்று கேட்கவில்லை. நேரே கூண்டருகே குனிந்து, அடியில் விரித்திருந்த சாக்கைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தின்னுச்சான்னு மட்டும் பாக்காத ஆயி, புழுக்கை போட்டுச்சான்னு பாரு" என்றார். பேராதனையில் எங்களுக்குச் சொல்லப்பட்டதும் அதுவேதான். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது முன்னே நகர்ந்தே ஆகவேண்டும். குடலின் அசைவு நின்றால் வாயு சேர்ந்து வயிறு இறுகும், வலியில் அது மேலும் தின்னாது. அரை நாளுக்கு மேல் தின்னாமலும் புழுக்கை போடாமலும் இருக்கும் முயலை மறுநாள் பார்க்கலாம் என்று விட்டுவைக்கக் கூடாது. இவ்வளவையும் ஒரு வைத்தியர் படித்து அறிந்தார்; அசைபோட மறந்த மாடுகளின் அருகே விழித்திருந்தே அம்மாயி அறிந்திருக்கிறார்.

பல் சீரானபின் மொச்சைக்குத் தேவைப்பட்டது உலர்ந்த நீளப் புல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளரும். நார் மிகுந்த புல்லை அரைத்து அரைத்தே அவை தேயவேண்டும், அந்த நாரே குடலையும் நகர்த்தவேண்டும். ஊறவைத்த தீவனக் கூழைச் சிரிஞ்சில் எடுத்து, முன்பற்களுக்குப் பின்னால் வாயின் ஓரமாகச் சிறிது சிறிதாகக் கொடுத்து உயிரைப் பிடித்துவைக்கலாமே தவிர, அது புல்லுக்கு ஈடாகாது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில், துவைத்த சட்டையே காயாத தலவாக்கலையில், புல்லை எங்கே காயவைப்பது? கொழும்பிலிருந்து தருவிக்கலாம் என்றால் அது வந்துசேரும்வரை மொச்சை தாங்குமா என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

இவற்றையெல்லாம் நான் அம்மாயியிடம் முறையிட்டுச் சொன்னதாக நினைவில்லை. வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டிருக்கவேண்டும். மறுநாள் முன்னிரவில், தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கால் சுற்றிய ஒரு புற்கட்டை வாசலில் வைத்தார். களைநாசினி தெளித்த பாத்திகளை ஒதுக்கி, மேலே காட்டோரம்வரை நடந்து அறுத்த கினிப்புல் அது. ஒவ்வொரு தாளாக உதறி, இரத்தம் உறிஞ்சும் அட்டை இல்லை என்று உறுதிசெய்து, தம் வீட்டு அடுப்புக்கு மேலே விறகு காயும் பரணில் பரப்பி உலர்த்தியிருந்தார். புகை மணத்தால் மொச்சை முகத்தைத் திருப்பிக்கொண்டது. அம்மாயி அதற்காக வருந்தவில்லை, எங்களுக்குச் சமாதானமும் சொல்லவில்லை. அடுத்த புற்கட்டைச் சமையல் முடிந்து தணல் மட்டும் எஞ்சியிருக்கும் நேரத்தில் பரணில் ஏற்றி, விடிய நெருப்பு மூட்டுமுன் இறக்கியிருக்கிறார். அதைத்தான் மொச்சை முகர்ந்து, ஒரு தாளை இழுத்து, கடைசிவரை மென்றது.

பரணில் புல் கிடந்த நாட்களில் விறகுக்கு அங்கே இடமில்லை என்பதையும், அந்த வீட்டில் தேயிலைச் செடியில் வெட்டிய விறகான மிலாறை, ஈரத்தோடே ஊதி ஊதித்தான் சோறு பொங்கினார்கள் என்பதையும் அவருடைய மருமகள் சொல்லியே அறிந்தேன். காசு கொடுக்கப் போனபோது, "மாட்டுக்கு அறுக்குற புல்லுல ஒரு பிடி, இது என்னத்தத் தின்னுடப் போகுது" என்று அம்மாயி கையைத் தள்ளிவிட்டார். ஒரு முயலுக்காக இவ்வளவு செலவா, சந்தையில் வேறொன்று வாங்கினால் ஆகாதா என்று டவுனில் சிலர் கேட்டார்கள்; கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை. பால் தரும் உயிர்களை வளர்த்தே குடும்பத்தைத் தாங்கும் அம்மாயியின் வாயிலிருந்துதான் அந்தக் கேள்வி நியாயமாக வந்திருக்கலாம். அவரோ அதைக் கேட்கவே இல்லை.

ஆகவே இரண்டு காரியங்களை உங்கள் முன்னிலையில் ஒப்புக்கொள்கிறேன். முதலாவது, நன்றாகக் காய்ந்த மிலாறு ஒரு லொறி பேசியாகிவிட்டது. அது அம்மாயி வீட்டு வாசலில்தான் இறங்கும், அவர் எவ்வளவு ஏசினாலும் திரும்பிப் போகாது. இரண்டாவது, தை, மாசியில் வெயில் பிடித்தவுடன் எங்கள் வீட்டுப் பின்புறத்துக் கினிப்புல்லை அறுத்து, பூஞ்சணம் பிடிக்காதபடி உலர்த்தித் தகரப் பீப்பாய்களில் சேமித்துவைப்போம். மழைக்காலத்தில் யாருடைய முயலுக்காவது தேவைப்பட்டால் எந்த நேரத்திலும் கதவைத் தட்டி எடுத்துச் செல்லுங்கள். விலை கிடையாது.

நன்றியுடன்,
மொச்சையின் வீட்டார்,
தலவாக்கலை