பல் செட் விஷயமாக மகனுக்கு

அன்புள்ள சரவணா,

நானும் அப்பாவும் நலம். "செலவைப் பார்க்காதே, இம்பிளான்ட் வைத்துக்கொள்" என்று போனில் அடித்துச் சொன்னாய். பணத்துக்குப் பார்த்து நான் பல் செட் வாங்கவில்லை கண்ணா.

கீழே இரண்டு பக்கமும் எனக்குக் கடைவாய்ப் பற்கள் போய்விட்டன. பிரிட்ஜ் என்கிற கழற்றாத பல்வரிசை கட்ட இடைவெளிக்கு முன்னாலும் பின்னாலும் பல் வேண்டும், அவற்றை ராவித்தான் மேலே கட்டுவார்கள். எனக்குப் பின்னால் பல்லே இல்லை. இம்பிளான்ட் என்றால் தாடை எலும்பில் செயற்கைப் பல்லுக்கு வேராக டைட்டானியம் திருகை இறக்கி, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பல் போய் ரொம்ப வருஷமானதால் என் எலும்பு தேய்ந்து கிடக்கிறது, முதலில் அதை வளர்க்கச் சிகிச்சை வேண்டும் என்றார் டாக்டர். சர்க்கரையும் ஏறி இறங்குகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் கழற்றி மாட்டுகிற செட்டே போதும் என்றேன்.

அதிலும் வகை உண்டு. அக்ரிலிக் என்கிற பிளாஸ்டிக் விலை குறைவு, ஆனால் தடிமன். வளைந்து கொடுக்கிற நைலானிலும் செய்கிறார்கள். என்னுடையது கோபால்ட் குரோமியம் உலோகச் சட்டம். கீழ்வரிசைப் பற்களுக்கு உள்பக்கமாக ஒரு மெல்லிய கம்பி ஓடி இரண்டு பக்கத்தையும் சேர்க்கிறது. மிச்சமிருக்கும் பற்களைச் சின்னக் கொக்கிகள் பிடித்துக்கொள்கின்றன. மெல்லும் பாரத்தில் கொஞ்சத்தை அந்தப் பற்களும் தாங்குவதால் ஈறுக்குச் சிரமம் குறைவு.

முதலில் வாயெல்லாம் எச்சில் ஊறியது, பக்கத்து வீட்டு சரஸ்வதியைக் கூப்பிடவே நாக்குத் தடுமாறியது. தினமும் பேப்பரைச் சத்தமாக வாசித்தேன், சரியாகிவிட்டது. ஈறில் ஓர் இடம் புண்ணானது. செட்டைப் போட்டுக்கொண்டே டாக்டரிடம் போய்க் காட்டினேன், உரசும் இடத்தைப் பார்த்து செட்டில் அங்கே மட்டும் தேய்த்துக் கொடுத்தார். நேற்று கொண்டைக்கடலைச் சுண்டலை இரண்டு பக்கமும் மென்று சாப்பிட்டேன்டா!

ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுகிறேன். பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுமாம், வெந்நீர் பட்டால் வளைந்துவிடுமாம். அதனால் சாதாரணத் தண்ணீரும் சோப்பும்தான். கை தவறினால் உடையாதபடி கீழே ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்துக் கழுவுகிறேன். கொக்கி மாட்டுகிற பற்களில்தான் அழுக்கு சேர்ந்து சொத்தை வருமாம், அவற்றைப் பார்த்துப் பார்த்துத் தேய்க்கிறேன்.

என் கதை இருக்கட்டும். போன வருஷம் நீ பிடுங்கிக்கொண்ட பல்லின் இடம் இன்னும் காலியாகத்தானே இருக்கிறது? அப்படியே விட்டால் பக்கத்துப் பல் அந்தப் பக்கம் சாயும், எதிர்வரிசைப் பல் இறங்கி வரும், அப்புறம் எதை வைக்கவும் இடம் கிடைக்காது. உனக்குச் சின்ன வயது, சர்க்கரை இல்லை, ஒரு பல்தான். நீ எனக்குச் சொன்ன இம்பிளான்ட் உனக்கே பொருந்தலாம். சிகரெட்டை மட்டும் விட்டுவிடு, புகைப்பவர்களுக்கு இம்பிளான்ட் எலும்பில் பிடித்துக்கொள்ளாமல் போக வாய்ப்பு அதிகமாம். நீ புகைப்பதை அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

இந்த மாதமே போய் ஒரு எக்ஸ்ரே எடு. டாக்டர் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

அன்புடன்,
அம்மா