உன்னைப்போல் அவனும் இளைப்பாற

கர்த்தருக்குள் அன்பான ஆசிரியர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

ஓய்வுநாள் சனியா, ஞாயிறா என்று நம் பத்திரிகையில் சென்ற மாதம் வந்த கட்டுரையையும், இந்த மாதம் அதற்கு வந்த பதில்களையும் வாசித்தேன். சனிக்கிழமையை ஆசரிக்கிற அட்வென்டிஸ்ட் சபைச் சகோதரர்கள் ஆதியாகமம் 2-ம் அதிகாரத்தைக் காட்டி ஏழாம் நாளாகிய சனி என்கிறார்கள். மற்றவர்கள் இயேசு உயிர்த்தெழுந்த நாளாகிய ஞாயிற்றைக் காட்டுகிறார்கள். நான் ஞாயிறு ஆராதனைக்குப் போகிறவன். ஆனாலும் ரோமர் 14-ல் பவுல், நாட்களைப் பற்றி அவனவன் தன் மனதில் நிச்சயித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டபடியால், அந்த வழக்குக்குள் நான் வரவில்லை. என் பாரம் வேறு.

பத்துக் கட்டளைகளில் ஒன்றான இந்த ஓய்வுநாள் கட்டளை, காரணத்தோடு வேதத்தில் இரண்டு இடத்தில் வருகிறது. தேவன் ஆறு நாளில் உலகத்தைச் சிருஷ்டித்து ஏழாம் நாளில் ஓய்ந்திருந்ததை யாத்திராகமம் 20 காரணமாகச் சொல்கிறது. நாம் மனப்பாடம் செய்தது அதைத்தான். உபாகமம் 5 சொல்லும் காரணம் எகிப்து. நீ அடிமையாயிருந்தாய், ஆகையால் உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல் இளைப்பாறவேண்டும். மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கிற அந்நியன் வரைக்கும் பட்டியல் போகிறது. மனைவி என்ற சொல் அதில் இல்லை. 'நீ' என்பதில் அவளும் அடக்கம் என்றே நான் வாசிக்கிறேன். ஆனால் ஞாயிறு மதியம் நம்மில் எத்தனை வீடுகளில் அப்படி நடக்கிறது? ஆராதனையிலிருந்து வந்ததும் ஆண்கள் சாய்ந்துகொள்கிறோம். அவளோ சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பைப் பற்றவைக்கிறாள்.

நான் பல வருடம் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவைப் பார்த்தவன். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, எனக்குக் கீழே வேலை பார்த்த தம்பிக்குப் போன் போட்டேன். திங்கட்கிழமைக்கு வேண்டிய ஒரு கணக்கு, காலையில் கேட்டிருந்தாலும் போதும். அவன் எடுத்ததும் பின்னால் பாட்டுச் சத்தம். "ஒரு நிமிஷம் சார்" என்றான் அடிக்குரலில். நடக்கிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், பாட்டு தேய்ந்துபோனது. "சொல்லுங்க சார்." நானும் சொன்னேன். என் மறு கையில் வேதப்புத்தகம் இருந்தது. அவர்கள் சபையில் அது அப்பமும் ரசமும் பகிர்கிற திருவிருந்து நேரம் என்று மறுநாள்தான் தெரிந்தது. அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் இன்றுவரை ஆறவில்லை.

ஓய்வுநாள் பிரசங்கம் என்றால் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடில் கதை வந்துவிடும். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று வந்ததால் ஓட மறுத்தவர், 400 மீட்டரில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். நல்ல சாட்சிதான். ஆனால் மறுத்துச் சொல்லக்கூடிய இடத்தில் அவர் இருந்தார். மாதச் சம்பளத்தை நம்பி இருக்கிறவன் மேலதிகாரியிடம் எப்படி மறுப்பான்? அவனுக்காக ஓய்வுநாளை ஆசரிக்கவேண்டியது அந்த மேலதிகாரிதான்.

321-ம் ஆண்டில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிறு ஓய்வைச் சட்டமாக்கியபோது நீதிபதிகளுக்கும் நகரத்தாருக்கும் ஓய்வு கொடுத்தார். விவசாய வேலைக்கு மட்டும் விலக்கு; நல்ல பருவம் தப்பிவிடக்கூடாதாம். யாத்திராகமம் 34:21-ஐப் பாருங்கள்: விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருக்கவேண்டும் என்றிருக்கிறது. வேலை குவிந்து கிடக்கிற நாளிலும் விடு என்பதுதான் கட்டளை. ஆண்டு முடிவுக் கணக்கு, பண்டிகை வியாபாரம் என்று நாம் சொல்லும் காரணமெல்லாம் இந்த ஒரு வசனத்துக்கு முன்னால் நிற்காது.

இரக்கத்தின் வேலை வேறு. பதினெட்டு வருடம் கூனியாயிருந்த ஸ்திரீயை ஆண்டவர் ஓய்வுநாளில்தான் நிமிர்த்தினார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் இல்லாமல் முடியுமா? ஆனால் அந்த நர்ஸுக்கும், பஸ் ஓட்டுகிற சகோதரனுக்கும், இரவுக் காவலாளிக்கும் வாரத்தில் வேறொரு நாள் கிடைக்கிறதா என்று எந்தச் சபைக் கமிட்டியாவது விசாரித்திருக்கிறதா? ஞாயிறு வராதவர்கள் என்று அவர்கள் பெயர் மட்டும் நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆகவே ஒரு விண்ணப்பம். சனி, ஞாயிறு விவாதத்துக்கு ஒதுக்கிய பக்கத்தில் ஒன்றை இவர்களுக்குக் கொடுங்கள். எந்த நாளில் இளைப்பாறுகிறார்கள், எந்த நேரத்தில் ஜெபிக்கிறார்கள் என்று அவர்களே எழுதட்டும். வேலை நாள் மாலையில் அவர்களுக்கென்று ஆராதனை வைக்கிற போதகர்கள் இருந்தால், அதை எப்படி நடத்துகிறார்கள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எங்கள் சபையில் கேட்டுப் பார்க்க எனக்கு அது உதவும்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் வாசகன்